முட்டுக் கொடுத்த சீட்டு

“உள்ள யாரோ பேசுறாங்க மாப்ளே” என்றார் மச்சான்.

அவர் முக்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இடது காது ஸ்பீக்கர் பக்கம் சாய்ந்திருந்தது. வலது கை தோளுக்கு மேலே எழுந்து, விரல்களை விரித்துக்கொண்டு நின்றது. மேசையின் இந்தப் பக்கத்தில் ஈயத்தான் திருகைப் பிடித்தபடி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் வேலை செய்கிற விதமே அதுதான். பட்டறையில் சத்தத்தை அளந்து பார்க்கப் பெரிய கருவி ஒன்றும் கிடையாது. மச்சானுடைய காதுதான் கருவி. கை விரிந்து ஆடினால் இன்னும் தளர்த்து என்று பொருள். முஷ்டி மூடினால் இறுக்கு. ஒற்றை விரல் எழுந்தால் போதும், அங்கேயே நிறுத்து. அந்த ஒற்றை விரல் இன்று காலையிலிருந்து எழவே இல்லை. எழப் பார்த்தது, பாதியில் சந்தேகப்பட்டு மடங்கிக்கொண்டது.

“பாட்டு இல்ல, பாட்டுக்குப் பின்னாடி. குளிர்ல பல்லு அடிக்கிற மாதிரி. ட்ரான்ஸ்ஃபார்மர் ஆடுது போல. கழட்டிப் பாரு.”

மேசைமேல் இருந்தது தையல் ஆலையின் வால்வு ஆம்ப்ளிஃபயர். பிறந்து நாற்பது வருஷமாவது இருக்கும். ஆலையில் மதியத்துக்குமேல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே பாட்டுப் போடுவார்கள். பழைய ஸ்பீக்கர் கிழிந்து புதிதாக ஒன்று மாட்டியதிலிருந்து, பாடுகிற அம்மா போர்வைக்குள் படுத்துக்கொண்டு பாடுவதுபோல இருக்கிறதென்று தைக்கிற பெண்கள் புகார் சொல்ல, மேலாளர் கைவண்டியில் வைத்து அனுப்பிவிட்டார். அது ஃபீட்பேக் வேலை. வெளியே போகிற சத்தத்தில் ஒரு துளியை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, முதல் வால்வுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிற ஒரு கம்பி, அதன் நடுவில் ஒரு ரெசிஸ்டர். பட்டறையில் அதற்குக் கடிவாளம் என்று பெயர். தான் என்ன கத்துகிறோம் என்று வால்வுக்குத் தெரியவேண்டும், தெரிந்தால்தான் அடங்கும் என்பார் மச்சான். அளவுக்கு மேல் இறுக்கினால் குதிரை நின்ற இடத்திலேயே நிற்கும், பாட்டு செத்துப்போகும். ரொம்பத் தளர்த்தினால் கண்மண் தெரியாமல் ஓடும். புதிய ஸ்பீக்கருக்குக் கடிவாளத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், எவ்வளவு என்று, கூட்டிக் குறைக்கிற திருகை முதலில் வைத்துப் பார்த்து, அந்த அளவுக்கு ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்துவிட வேண்டும். அரை நாள் வேலை. அதற்குள்தான் இந்தப் பல்லடிப்பு.

இது எந்த ஆம்ப்ளிஃபயர் என்று வந்த நிமிஷமே ஈயத்தானுக்குத் தெரிந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கினான். கண்டென்சர்களில் தங்கியிருந்த மின்சாரத்தை வடித்தான். கவிழ்த்துப் போட்டு, ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருகிற கம்பிகளை ஒவ்வொன்றாக உருக்கி விடுவித்தான். முதல் மூன்று போல்ட்டுகள் எண்ணெய் போட்டதும் கழன்றன. நான்காவதைத் திருப்பும்போது ட்ரான்ஸ்ஃபார்மர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காலுக்கடியிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்று நழுவி, மேசையில் விழுந்து, காற்றாடியின் காற்றுக்கு உருண்டு அவன் மடியில் வந்து உட்கார்ந்தது.

பழுப்பேறியிருந்தது. நாள்பட்ட சூட்டில் அப்பளமாகக் காய்ந்து, ஓரங்கள் பொடிந்திருந்தன. அது அப்படிச் சுருங்கிப்போனதால்தான் மேலே இருந்தது ஆடத் தொடங்கியிருக்கிறது. அவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்லத் தேவையில்லை. பதினோரு வருஷமாக அவன் கனவில் வருகிற காகிதம் அது. கனவில் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை. வலது பக்கம் அவருக்குச் செவிடு.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஈயத்தான் கைநாட்டு. பட்டறையில் யாருக்கும் அது தெரியாது. அவன் பற்றவைத்தால் ஈயம் முத்துப்போல உட்காரும், அதனால் வந்த பெயர் ஈயத்தான். அந்தக் கை இருக்கும்போது எழுத்து யாருக்கு வேண்டும். கம்பிகளை நிறத்தால் அறிவான், ரெசிஸ்டரை அதன்மேல் உள்ள கோடுகளால் அறிவான், வரைபடத்தை ஒரு ஊரின் தெருக்களைப்போல அறிவான். ஏதாவது காகிதத்தை யாராவது கையில் கொடுத்தால் அதற்கும் ஒரு வித்தை வைத்திருந்தான்: உதட்டை மூடிக்கொண்டு, கண்ணை மட்டும் இடமிருந்து வலமாக நாலு தடவை ஓட்டி, கடைசியில் ஒரு தலையசைப்பு. எவ்வளவு நேரம் பார்க்கவேண்டும் என்பதுகூட அவனுக்கு அத்துப்படி. மச்சானே அவனுக்குப் பெண் கொடுக்கும்போது, பையன் ஐந்தாவது வரைக்கும் படித்தவன் என்று வீட்டில் அடித்துச் சொல்லித்தான் தங்கையைக் கொடுத்தார். ஈயத்தான் அப்படித்தான் அவரிடம் சொல்லியிருந்தான். கல்யாணமான முதல் வாரத்திலேயே மனைவி கண்டுபிடித்துவிட்டாள். மருந்துச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தலையசைத்திருக்கிறான். “அண்ணனுக்குத் தெரிய வேணாம்” என்றாள், அதோடு சரி. நல்லவள்.

அப்போது ஆலையிலிருந்து நான்கு ஆம்ப்ளிஃபயர்கள் ஒன்றாக வந்திருந்தன, நான்குக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் கருகியிருந்தது. அடுத்த தெருவில் சுற்றுக்காரம்மா என்று ஒருத்தி வீட்டில் இருந்தபடியே சுற்றிக் கொடுப்பாள். கைப்பிடி போட்ட சின்ன இயந்திரம் வைத்திருந்தாள். ஆயிரத்து இருநூறு சுற்று என்றால் ஆயிரத்து இருநூறுதான், நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கையை நிறுத்தி, எண்ணைச் சுண்ணக்கட்டியால் சுவரில் எழுதிவிட்டுத்தான் பதில் சொல்வாள். அவள் சுற்றி அனுப்பினால் சிவப்புக் கம்பி பெட்டியின் அடித்தகட்டுக்கு, பச்சை ஸ்பீக்கருக்கு, எத்தனையோ வருஷமாக அப்படித்தான். மூன்று வந்தன, மூன்றையும் பற்றவைத்து ஓட்டிப் பார்த்து அனுப்பியாயிற்று. நான்காவதன் இடுப்பில் நூலால் ஒரு சீட்டைக் கட்டியிருந்தாள்.

அவன் அவிழ்த்தான். கண்ணை நாலு தடவை ஓட்டினான். தலையசைத்தான். பக்கத்து மேசைக்காரர் என்னவாம் என்று கேட்டதற்கு, வழக்கமானதுதான் என்றான். ட்ரான்ஸ்ஃபார்மரை வைத்துப் பார்த்தபோது ஒரு கால் தட்டுக்கு ஒட்டாமல் ஆடியது. கையில் காகிதம் இருந்தது. படிக்கத் தெரியாதவனுக்குக் காகிதம் வேறெதற்கு? நான்காக மடித்துக் காலுக்கு முட்டுக் கொடுத்து போல்ட்டை முடுக்கினான். கச்சிதமாக உட்கார்ந்தது. சிவப்பை அடித்தகட்டில் பற்றவைத்தான், பச்சையை ஸ்பீக்கருக்கு.

அந்த இரண்டு கம்பியும் இடம் மாறினால் கடிவாளம் சாட்டையாகிவிடும். அடக்க வேண்டிய துளி, அடிக்கும். அடி வாங்கிய சத்தம் பெருத்து, பெருத்த சத்தம் இன்னும் பெரிய சாட்டையாகித் திரும்பி வரும். அதனால்தான் புதுக் கம்பி மாட்டினால் முதலில் திருகை வைத்து மெதுவாக இறுக்கிப் பார்ப்பது முறை: சத்தம் குறைந்தால் சரி, கூடினால் கம்பி மாற்றம். மூன்றுக்குப் பார்த்தார்கள். நான்காவதற்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். ஆலை வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தது. ரெசிஸ்டரை நேராகவே பற்றவைத்துப் பிளக்கைச் சொருகினான். வால்வு சூடேற அரை நிமிஷம் ஆகும், அந்த அரை நிமிஷம் ஒரு சத்தமும் இராது. அந்த நேரத்தில் மச்சான் எப்போதும் செய்கிறதைச் செய்தார்: இரைச்சல் ஏதாவது வருகிறதா என்று பார்க்க, வலது காதைக் குழல் ஸ்பீக்கரின் வாயில் ஒட்டி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிற குழந்தையின் மார்பில் காது வைக்கிற மாதிரி.

அந்த ஊளையை ஈயத்தான் இன்றைக்கும் விவரித்துச் சொல்லமாட்டான். ஜன்னல் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டது. மச்சான் விழுந்த இடத்தில் தண்ணீர்க் குடம் ஒன்றும் உடைந்ததால் தரையெல்லாம் ஈரம். காதிலிருந்து வந்தது ரத்தமா தண்ணீரா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.

மறுநாள் அவன் அந்த இரண்டு கம்பியையும் மாற்றிப் பற்றவைத்தான், பச்சை அடித்தகட்டுக்கு. பெட்டி பூனைக்குட்டி மாதிரி பாடியது. கம்பி நிறம் மாறி வந்திருக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது. முதலாளி கேட்டார், சுற்றுக்காரம்மா ஒன்றும் சொல்லி அனுப்பவில்லையா, சீட்டு கீட்டு வரவில்லையா என்று. பட்டறை முழுக்க அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வந்தது என்றால், படித்தாயா என்பார்கள். படிக்கவில்லை என்றால் ஏன் என்பார்கள். ஆஸ்பத்திரியில் தலையில் கட்டோடு படுத்திருக்கிற மனிதர், ஐந்தாவது படித்தவன் என்று சொல்லிப் பெண் கொடுத்தவர். பக்கத்து மேசைக்காரர் அன்றைக்கு ஊரில் இல்லை, பிறகும் அவரிடம் யாரும் கேட்கவில்லை.

“சீட்டு எதுவும் வரலைங்க” என்றான் ஈயத்தான்.

மூன்று சொல்.

சுற்றுக்காரம்மாவுக்கு அதற்குப் பிறகு இந்தப் பட்டறையிலிருந்து வேலை போகவில்லை. ஒரு பட்டறை விட்டால் மற்ற பட்டறையும் காரணம் கேட்கும், கேட்டார்கள். மச்சான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நேராக அவள் வீட்டு வாசலுக்குப் போய், அவள் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டு வந்தார். தன் குரல் எவ்வளவு பெரிதென்று அவருக்கே தெரியாத நாட்கள் அவை, தெருவே கேட்டது. அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாளாம்: நான் எழுதிக் கட்டி அனுப்பினேன் என்று. இதை மச்சான்தான் வந்து சொன்னார். “பொய் சொல்றதுக்கும் ஒரு தைரியம் வேணும் மாப்ளே” என்றார். இப்போது அவள் பாலத்துக்கு அந்தப் பக்கம் சலவைக் கடையில் துணி தேய்க்கிறாள். எதிரே வந்தால் ஈயத்தான் தெருவின் மறுபக்கம் போய்விடுவான். அவள் அவனைப் பார்த்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளமாட்டாள்.

ஆனாலும் மனசு இருக்கிறதே, அது வக்கீல். அந்தச் சீட்டில் கம்பியைப் பற்றித்தான் எழுதியிருந்தது என்று யார் கண்டது, என்றது அது. எத்தனை சுற்று என்ற கணக்காக இருக்கலாம். காகிதத்தைப் பெட்டியோடு ஆலைக்கு அனுப்பியாயிற்று, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த ‘இருக்கலாம்’ என்ற ஒற்றைச் சொல்லில் அவன் பதினோரு வருஷம் குடியிருந்தான், கூரை ஒழுகினாலும்.

எழுத்துப் படிக்கப் போனதும் அதனால்தான். நாற்பத்துநாலு வயதில், தொழிலாளர் சங்க அறையில், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. முதல் நாள் வாத்தியாரம்மா ஒவ்வொருவரையும் எதற்காகப் படிக்க வந்தீர்கள் என்று கேட்டாள். ஒருவர் பஸ் பலகை படிக்க என்றார், ஒருத்தி மகன் அனுப்புகிற கடிதத்தை அடுத்தவர் வாயால் கேட்கப் பிடிக்கவில்லை என்றாள். இவன், ஒரு சீட்டைப் படிக்கணும் என்றான். யார் எழுதின சீட்டு என்று யாரோ கேட்க, ஒரு அம்மா எழுதினது என்று சொல்லி வைத்தான்; வகுப்பே சிரித்தது. இரண்டு வருஷம் ஆயிற்று அவனுக்கு எழுத்துக் கூட்ட. கையில் இல்லாத சீட்டுக்காகக் கற்ற எழுத்து. ஒரு முறை ஆலை வாசல் வரைக்கும் போனான். என்ன வேலை என்று காவல்காரர் கேட்டதும் திரும்பிவிட்டான்.

சொல்லாமலும் இல்லை. சொன்னான், நூறு தடவையாவது சொல்லியிருப்பான், மச்சானின் வலது பக்கம் உட்கார்ந்துகொண்டு. பட்டறையில் அவன் மேசை அந்தப் பக்கம்தான். ஈயம் உருகிப் புகை எழும்போது, உதடு அசைவது தெரியாமல், “நான்தான் மச்சான்” என்பான். “சீட்டு வந்துச்சு மச்சான்.” செத்த காது வாங்கிக்கொண்டு கல்லுப்போல் இருக்கும். மச்சான் அதையும் ஒரு வேடிக்கையாகத்தான் வைத்திருந்தார். வீட்டில் சண்டை வந்தால் இடது காதைத் தலையணையில் வைத்துப் படுத்துவிடுவாராம், உலகமே அமைதி, பெண்டாட்டி விடிய விடியப் பேசினாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான் என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். ஈயத்தானும் சிரிப்பான், ஒரு நொடி தாமதமாக.

இன்று அவன் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கை கழுவிவிட்டு வருகிறேன் என்று இடது பக்கமாக வந்து சொல்லிவிட்டுப் பின்னால் போனான். குழாயடியில் வெயில் இருந்தது. பிரிக்கும்போது ஒரு மடிப்பு விட்டுப்போனது. பென்சிலால் எழுதியிருந்தாள், பென்சில் மங்காது. பிள்ளைகளுக்கு எழுதுவதுபோலப் பெரிய பெரிய எழுத்து. அவன் விரலை வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தான்.

‘இந்த ஒன்றுக்கு மட்டும் நிறம் மாறியிருக்கிறது. பச்சைக் கம்பி அடித்தகட்டுக்கு. சிவப்பு ஸ்பீக்கருக்கு. முதலில் திருகு வைத்துப் பார்க்கவும். காதுக்காரரை ஸ்பீக்கரில் காது வைக்க வேண்டாம் என்று சொல்லவும். சீட்டு கிடைத்ததா என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவும்.’

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கணக்காக இருக்கலாம் என்ற வீடு இடிந்துவிட்டது, அதில் அவனுக்கு ஆச்சரியமில்லை. அவன் எதிர்பாராதது ஐந்தாவது வரி. இரும்பையும் கம்பியையும் பற்றி எழுதியவள், ஒரு மனிதனின் காதைப் பற்றியும் யோசித்து எழுதியிருக்கிறாள். அந்த மனிதன் அவள் வாசலில் போய் நின்று கத்தினான். இதைச் சொன்னால் தன் தலை குனிவதோடு முடியாது என்று இப்போதுதான் ஈயத்தானுக்குப் புரிந்தது. மச்சான் பதினோரு வருஷமாகச் சுமக்காத ஒன்றையும் தூக்கி அவர் தலையில் வைக்கவேண்டியிருக்கும். காதும் போய், இதுவும். பாவம், அவரை விட்டுவிடு என்றது வக்கீல். எவ்வளவு நல்ல வக்கீல். எப்போதும் அடுத்தவருக்காகவே வாதாடுகிறது.

காகிதத்தை மடித்து மறுபடி சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

மச்சான் ட்ரான்ஸ்ஃபார்மரைக் கையால் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கால் எட்டவில்லை என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

“ஏதோ காகிதம் வச்சிருந்த போல. தூள் ஒட்டிட்டு இருக்கு பாரு. அதையே மடிச்சு வச்சிடு மாப்ளே, பதினோரு வருஷம் தாங்கிச்சே.”

“வேணாம் மச்சான்” என்றான். அவர் இடது பக்கம் நிற்கிறோம் என்று அப்போதுதான் உணர்ந்து, “காகிதம் சூட்டுக்கு நிக்காது. ரப்பர் வைக்கிறேன்” என்றான்.

சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டிக் காலுக்கு வைத்து நான்கு போல்ட்டையும் முடுக்கினான். கவிழ்த்து, கம்பிகளைப் பற்றவைத்தான். கை தானாக வேலை செய்தது. முப்பது வருஷத்துக் கை, அதற்கு அவன் தேவையில்லை. ஈயம் முத்து முத்தாக உட்கார்ந்தது. மனசு குழாயடியிலேயே நின்றுகொண்டிருந்தது. நிமிர்த்தினான். இசைத்தட்டைப் போட்டான், பிளக்கைச் சொருகினான். வால்வுகளின் அடியில் சிவப்புப் பொட்டு தெரியத் தொடங்கியது.

மச்சான் முக்காலியை முன்னுக்கு இழுத்தார். பல்லடிப்பு நின்றதா என்று பார்க்க வேண்டுமே. குனிந்து, இருக்கிற ஒரே காதை, இடது காதை, ஸ்பீக்கரின் அருகே கொண்டுபோனார்.

“மச்சான், தள்ளி உக்காருங்க.”

“அட, நீ பத்தவச்சதுதானே” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

எந்த நிறத்தை அடித்தகட்டில் வைத்தேன்? ஈயத்தானுக்கு ஞாபகம் இல்லை. கை வைத்தது, அவன் பார்க்கவில்லை. இந்தக் கைக்குப் பழக்கம் சிவப்பை அடித்தகட்டில் வைப்பது. பொட்டு ஆரஞ்சாகிக்கொண்டிருந்தது. அவன் மேசையைச் சுற்றி ஓடவில்லை, கத்தவுமில்லை. பிளக்கைக் கம்பியோடு சேர்த்துப் பிடுங்கினான். சுவரில் காரை பெயர்ந்து விழுந்தது.

“என்ன ஆச்சு?”

“கம்பி பாக்கணும்.”

வடித்து, கவிழ்த்து, விளக்கை இழுத்துப் பிடித்துப் பார்த்தான். அடித்தகட்டில் பச்சை. ஸ்பீக்கருக்குச் சிவப்பு. சரியாகத்தான் இருந்தது. மச்சானும் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “சரியாத்தானே வச்சிருக்க. வயசாச்சுடா உனக்கு. பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற.”

தப்பாக இருந்திருந்தால் எளிதாகப் போயிருக்கும். கம்பியைக் காட்டி, இதே மாதிரிதான் மச்சான் அன்றைக்கும் என்று தொடங்கியிருக்கலாம். இப்போது தொடங்க ஒரு சாக்கும் இல்லை. பெட்டி சரி, கம்பி சரி, ரப்பர் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. திருகைக் கொஞ்சம் தளர்த்தி, ஒற்றை விரல் எழுந்ததும் நிறுத்தி, ரெசிஸ்டரைப் பற்றவைத்தால் சாயங்காலம் கைவண்டி வந்துவிடும். சட்டைப்பையில் இருப்பதை வீட்டுக்குப் போகிற வழியில் பாலத்திலிருந்து போட்டுவிடலாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் சலவைக் கடை.

அவன் பெட்டியை நிமிர்த்தினான். திருகைப் பாதியில் வைத்தான். பிறகு தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றிப் போய், மச்சானின் இடது பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். முப்பது வருஷத்தில் அவன் அங்கே உட்கார்ந்ததில்லை. மச்சான் புருவத்தை உயர்த்தினார்.

“அங்கருந்து திருகு எட்டுமா உனக்கு?”

“எட்டும். மச்சான், அந்தக் காகிதம் இருக்கே. அதுல எழுத்து இருக்கு.”

“என்ன எழுத்து? குடு பார்க்கலாம். ஓ, கண்ணாடி வீட்டுல. நீயே படி, அஞ்சாவது படிச்சவன்தானே” என்று அவர் வழக்கமான கேலியைச் செய்தார். அந்தக் கேலிக்குள் ஒன்றும் இருக்கவில்லை. முப்பது வருஷமாக அதில் ஒன்றும் இருந்ததில்லை, அவன்தான் ஒவ்வொரு தடவையும் உள்ளே கை விட்டுத் தேடியிருக்கிறான்.

“நான் ஒண்ணாவதுகூடப் படிக்கல மச்சான். பத்து வருஷத்துக்கு முன்னாடி படிச்சதுதான். அதுக்கு முன்னாடி எனக்கு எழுத்துத் தெரியாது.”

மச்சான் சிரிக்கத் தயாராக வாயைத் திறந்து, சிரிக்காமல் மூடிக்கொண்டார். ஈயத்தான் எட்டிப் பிளக்கைச் சொருகினான். ஏன் சொருகினான் என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. கை வேலையில் இருந்தால்தான் வாய் வரும் போலிருந்தது. அரை நிமிஷம் இருக்கிறது. அவன் காகிதத்தை முழங்கால்மேல் விரித்து, கிழிந்த மடிப்பை ஒட்டிப் பிடித்து, விரலை முதல் எழுத்தின் அடியில் வைத்தான்.

“இந்த ஒன்றுக்கு மட்டும்” என்று படித்தான். எழுத்துக் கூட்டுகிறவனின் குரல், பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் குரல் அவனுக்கு எப்போதுமே உண்டு, அதை மறைக்க இன்று முயலவில்லை. “நிறம் மாறி இருக்கிறது.”

வால்வுகளில் பொட்டு விரிந்தது. மச்சான் பழக்கத்தில் முகத்தை ஸ்பீக்கர் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். முதுகும் பிடரியும்தான் ஈயத்தானுக்குத் தெரிந்தன, அந்த முதுகு அசையவில்லை. அவன் பச்சையைப் படித்தான். சிவப்பைப் படித்தான். திருகைப் படித்தான். விரல் காகிதத்தில் பின்னுக்குப் போய்த் திரும்பியதால் எழுத்துகள் சில இடத்தில் இரண்டு தடவை வந்தன.

“கா-துக்-காரரை ஸ்பீக்-கரில் காது வைக்க வேண்டாம் என்று சொல்-லவும்.”

அப்போது சத்தம் வந்தது. முதலில் மெல்லிய இரைச்சல், அதன் பின்னாலிருந்து பாடுகிற அம்மாவின் குரல், போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்ததுபோலத் தெளிவாக. பல்லடிப்பு இல்லை. மச்சானின் வலது கை தோளுக்கு மேலே எழுந்தது. விரியவும் இல்லை, மூடவும் இல்லை. ஒற்றை விரல் மட்டும் நிமிர்ந்து, அங்கேயே நின்றது.

பாட்டுக்கா, அவனுக்கா என்று ஈயத்தானுக்குத் தெரியவில்லை. ஒரு கை திருகின்மேல் இருந்தது, மறு கையின் விரல் காகிதத்தின்மேல் இருந்தது. இரண்டும் நின்றன. விரலுக்கடியில் இன்னும் ஒரே ஒரு வரி பாக்கி இருந்தது.